வண்டியைத் திருப்பிக் காட்டுங்கள்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் அம்மான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்தே மாடல் கார் சேர்க்கிறார். முந்நூறுக்கு மேல் இருக்கும். அவருடைய ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பழைய டிங்கி கார்கள் ஏழெட்டு, அப்புறம் மேட்ச்பாக்ஸ், ஹாட் வீல்ஸ், திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் அம்பாசடர் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. இப்போது அத்தனையையும் படமெடுத்து இணையத்தில் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்கிறார். "இதை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?" என்கிறார்கள் வீட்டில். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் படம் போடுகிறார்கள். அதற்கு நடுவில் இவருடைய தொகுப்பை ஒருவர் நின்று பார்க்க என்ன இருக்கிறது? உடைந்த வண்டிகளை விட்டுவிடலாமா?

— ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகப் போடச் சொன்னேன் என்று முதலில் உங்கள் அம்மானிடம் சொல்லுங்கள். இந்த மாதிரித் தொகுப்புகளைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். எண்ணிக்கைக்காக எங்கும் நின்றதில்லை. கண்ணாடி அலமாரியில் இரண்டாயிரம் கார் அடுக்கி வைத்த படம் வந்தால் உடனே கடந்துவிடுவேன். ஒரே ஒரு காரைக் கையில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடித்தகட்டைக் காட்டி, இது எங்கே செய்தது, எப்போது செய்தது, தன்னிடம் எப்படி வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டுப் பாத்திரங்களில் குடும்பத்தின் விலாசம், அதாவது பெயர்களின் முதலெழுத்துகள், பொறித்திருக்கும். கல்யாணத்தில் பரப்பிய சாமான்களை ஒன்று விடாமல் எழுதி வைத்திருப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிட்ட பாத்திரத்துக்கு, அது எந்த வீட்டில் புழங்கியது என்று சொல்ல மிச்சம் இருப்பது அந்த நான்கைந்து எழுத்துகள்தான். மாடல் காரின் அடித்தகடும் அப்படித்தான்.

மேட்ச்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் லெஸ்னி என்ற நிறுவனம் 1953இல் தொடங்கிய வரிசை அது. அடியில் லெஸ்னி, இங்கிலாந்து என்று இருந்தால் பெரும்பாலும் 1982க்கு முந்தியது. அந்த வருஷம் லெஸ்னி திவாலாகி யுனிவர்சல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அதன் பிறகு மக்காவ், தாய்லாந்து, சீனா என்று ஊர்ப்பெயர்கள் மாறிக்கொண்டே வரும். சக்கரத்தையும் பாருங்கள். ஆரம்பத்தில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிறப் பிளாஸ்டிக், பிறகு கறுப்பு. 1968இல் அமெரிக்காவில் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தது. மெல்லிய அச்சுக்கம்பியில் சர்ரென்று ஓடும் அந்தச் சக்கரங்களுக்கு முன்னால் மேட்ச்பாக்ஸ் திணறிப்போனது. மறு வருஷமே சூப்பர்ஃபாஸ்ட் என்று சக்கரத்தை மாற்ற ஆரம்பித்தார்கள். ஒரே வார்ப்பு, அதாவது ஒரே அச்சில் வார்த்த வண்டி, பழைய சக்கரத்தோடு ஒன்றும் புதிய சக்கரத்தோடு ஒன்றுமாக உங்கள் அம்மானிடம் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொண்ட கதை அந்த ஒரு படத்தில் வந்துவிடும்.

ஹாட் வீல்ஸில் ஒரு எச்சரிக்கை. அடியில் இருக்கும் வருஷம் அந்த வார்ப்பு வடிவமைப்புக்கு உரிமை பதிந்த வருஷம். உங்கள் கையில் இருக்கும் வண்டி அதற்கு இருபது வருஷம் கழித்துச் செய்ததாகவும் இருக்கலாம். இதைக் கவனிக்காமல் "1969 மாடல்" என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். சரியாக எழுதியிருக்கும் தொகுப்பைப் பார்த்தால், அதில் உள்ள மற்ற குறிப்புகளையும் நம்பலாம் என்று எனக்குத் தோன்றிவிடும்.

பினாங்கு டிங்கிகளைக் கடைசியில் போட வேண்டாம், முதலில் போடுங்கள். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் தன் ஹார்ன்பி பொம்மை ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கச் சின்ன வண்டிகளைச் செய்தது. 1934இல் அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் 1:43 என்ற அளவைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் ரயில்தான் காரணம். ஓர் அடியை 7 மில்லிமீட்டராகச் சுருக்குவது அந்த ரயிலின் கணக்கு. அது ஏறக்குறைய 43இல் ஒரு பங்கு. 1979இல் லிவர்பூல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அளவு மட்டும் நிலைத்துவிட்டது.

இனி நம் நாட்டு வண்டிகள். உங்கள் அம்மானின் தொகுப்புக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வரப்போவது இதற்காகத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஃபெராரியும் போர்ஷேயும் எல்லோரிடமும் இருக்கின்றன. அம்பாசடரைப் பற்றி விவரமாகச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்ற ஆங்கிலக் காரை வைத்து, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்த வண்டி அது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று முகம் மாறிக்கொண்டே வந்தது. திருவிழாக் கடையில் வாங்கிய அந்தப் பிளாஸ்டிக் அம்பாசடர்களின் முன்கிரில்லை உற்றுப் பாருங்கள். பொம்மை செய்தவர் எந்த மார்க்கைப் பார்த்துச் செய்தார் என்று கண்டுபிடித்து எழுதினால், விலை உயர்ந்த ஜெர்மன் மாடலைப் பற்றிய குறிப்பைவிட அதை நான் ஆசையாகப் படிப்பேன்.

டிங்கியில் ட்ரையம்ஃப் ஹெரால்டு ஒன்று உண்டு, 1959இல் வந்தது. இத்தாலியரான மிக்கலோட்டி வடிவமைத்த கார். அதுதான் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவாகி நம் சாலைகளில் ஓடியது. டிங்கியில் இரண்டு கதவு. இங்கேயும் முதலில் இரண்டு கதவுதான், பிறகு 1968இல் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தார்கள். அம்மானிடம் அந்த டிங்கி இருந்தால் இந்த விவரத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கிக் கல்கத்தாவில் செய்த நிக்கி டாய்ஸ் வண்டிகளும் உண்டு. பூச்சு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். ஒன்று கிடைத்தாலும் அதற்குத் தனிப் பக்கமே கொடுக்கலாம்.

உடைந்ததை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாக விடாதீர்கள். பழைய டிங்கிகளில், முக்கியமாக இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவற்றில், உடல் முழுக்க விரிசல் விட்டு, வீங்கி, தொட்டால் உதிரும் நிலை வரும். கீழே விழுந்ததால் வருவதில்லை இது. இந்த வண்டிகளை வார்க்கும் துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளேயே அரிக்க ஆரம்பிக்கும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். அப்படி ஒரு வண்டி இருந்தால் நெருக்கத்தில் நாலு படம் எடுத்துப் போடுங்கள். புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு அது பெரிய பாடம். அதே மாதிரி, மறுபடி பெயின்ட் அடித்தது, டயர் மாற்றியது, பெட்டி புதிதாக அச்சடித்தது என்றால் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். விலையை மட்டும் எழுத வேண்டாம். விலை வந்துவிட்டால் வருகிறவர்கள் காரைப் பார்க்க மாட்டார்கள்.

படம் எடுக்க உங்கள் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. முற்றத்தில் நேர்வெயில் விழாத ஓரமாக, காலையில் எடுங்கள். பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் பக்கத்தில் இருந்தால் வெளிச்சம் திரும்பி வந்து மென்மையாக விழும். ஃப்ளாஷ் வேண்டாம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் அழகுதான், ஆனால் அதன் மேல் வைத்தால் பூவேலை காரை விழுங்கிவிடும். வெறும் காகிதம் விரித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எடுக்காமல், சக்கரத்தின் உயரத்துக்குக் கேமராவை இறக்குங்கள். அப்போதுதான் பொம்மை நிஜக் காராகத் தெரியும். முன்பக்கம், பக்கவாட்டு, அடித்தகடு, பெட்டி இருந்தால் பெட்டி.

முந்நூறையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். வாரம் ஐந்து போதும். நீங்கள் படமெடுக்கும்போது அம்மானைப் பேச விட்டு ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள், குறிப்பை அப்புறம் எழுதலாம். எந்தக் கார் யாருக்கு வந்தது, பினாங்கிலிருந்து யாருடைய பெட்டியில் வந்தது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது, அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அந்த ஏழெட்டு டிங்கிகளில் ஸ்டாண்டர்டு வான்கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். முதுகு சரிந்து, வண்டு போல உருண்டையாக இருக்கும். அதன் நிஜக் காரை வண்டலூரிலும் செய்தார்கள். டிங்கி இருந்தால் அதன் பின்சக்கரத்தைக் கவனியுங்கள். சக்கரத்தின் மேல்பாதியைத் தகடு மறைத்திருந்தால் 1950க்குப் பிறகு வந்தது. சக்கரம் முழுதாகத் தெரிந்தால் அதற்கு முந்திய முதல் வார்ப்பு. எதுவாக இருந்தாலும் அடித்தகட்டின் படத்தோடு எனக்கு எழுதுங்கள்.