டோல்கேட் பக்கம் கல்யாண மண்டபம்: வாசலில் வேலட்டுக்கும் ஓலா, ஊபருக்கும் இடம் கேட்டு அனுமதி எங்கே வாங்குவது?

மண்டபம் வைத்திருக்கிற பலருக்கும் இதே சந்தேகம் இருக்கிறது, அதனால் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டோல்கேட் பக்கம், அப்பா நடத்தின மண்டபத்தைப் புதுப்பித்துத் திறக்கப் போகிறீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்த்தபோது, ஓட்டல் வாசலில் பிளாட்பார விளிம்புக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, ஆள் இறக்கி ஏற்ற 5 நிமிஷம் நிற்கலாம் என்று விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே கடைக்காரரே மனுப் போட்டு, கட்டணம் கட்டி அதை வாங்குகிறார். உங்கள் வாசலில் வேலட்டுக்கும் (விருந்தினரிடம் சாவி வாங்கி, வண்டியை வேறு இடத்தில் நிறுத்தித் தருகிற ஆட்கள்) ஓலா, ஊபருக்கும் அப்படி ஓர் இடம் வாங்க, சென்னை மாநகராட்சியில் என்ன பாரம், எவ்வளவு பணம் என்று கேட்கிறீர்கள்.

இங்கே இது ஒரே மனுவில், ஒரே கவுன்ட்டரில் முடிகிற வேலை இல்லை. ரோடும் பிளாட்பாரமும் ஒரு துறையின் பொறுப்பு, அந்த ரோட்டில் வண்டி எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்பது போக்குவரத்துப் போலீஸ் பார்க்கிற விஷயம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வண்டிகள் நிற்கும் இடங்களை அரசோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ, அந்தப் பகுதி உள்ளாட்சியைக் கலந்துகொண்டு தீர்மானிக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. அப்படித் தீர்மானித்தாலும் அது பொது இடம்தான், உங்கள் மண்டபத்துக்கு எழுதிக் கொடுத்த இடம் ஆகாது. வாசலுக்கு முன்னால் 40 அடி ரோடு நம்முடையது என்ற நினைப்போடு மாநகராட்சியின் ஜோன் ஆபீஸுக்குப் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை மண்டபங்களுக்கு வேலட் ஆட்கள் அனுப்புவதுதான் பல வருஷமாக என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பார்க்கிங் என்று கேட்காதீர்கள். ஆள் இறக்கி ஏற்றும் இடம் என்று கேளுங்கள். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி ஒரு வண்டி 3 நிமிஷத்துக்கு மேல் நின்றாலே அது பார்க்கிங். சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் பார்க்கிங் கூடாது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கூடாது, பள்ளி, ஆஸ்பத்திரி வாசலில் கூடாது, பிளாட்பாரத்தின் மேல் கூடவே கூடாது. உங்கள் வாசல் இதில் எதிலாவது மாட்டுகிறதா என்று முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். மாட்டினால் மெயின் ரோடு ஆசையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவைப் பாருங்கள்.

சரி, மனு. உங்கள் பகுதி டிராபிக் இன்ஸ்பெக்டரை நேரில் பார்த்துவிட்டு, வடக்கு மண்டல போக்குவரத்துப் போலீஸ் துணை ஆணையருக்கு மனு எழுதுங்கள். ஜோன் ஆபீஸில் ஒரு நகலைக் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரோடு மாநகராட்சியின் பேருந்து சாலைகள் துறையிடம் இருக்கிறதா, நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கிறதா என்பதை அங்கிருக்கும் உதவிப் பொறியாளரிடமே கேட்டால் சொல்லிவிடுவார். மனுவை விட முக்கியம் கூட வைக்கிற ஸ்கெட்ச். வாசல், பிளாட்பாரத்தின் அகலம், பஸ் நிறுத்தம், மின்கம்பம், மழைநீர் வடிகால் மூடி, பக்கத்துக் கடைகளின் ஷட்டர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே, சாவி வாங்கின வண்டி எந்த வழியாக, எந்தத் தெருவுக்கு, எந்த இடத்துக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். இடம் பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது அதைத்தான்: "வண்டிய வாங்கி எங்கய்யா போடுவ?" இதற்குப் பதில் இல்லாமல் வேலட் நடத்தினால், வாங்குகிற கார் எல்லாம் அடுத்த தெருவில் யாரோ ஒருவர் வீட்டு கேட்டை மறித்து நிற்கும். எத்தனையோ தெருவில் இதைப் பார்த்துவிட்டேன். ராத்திரி 9 மணிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்ற முடியாமல் வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே முதல் செலவை இடத்துக்குச் செய்யுங்கள். பக்கத்தில் குடோன், காலி மனை, சாயங்காலம் மூடிவிடுகிற பள்ளி மைதானம் எதுவாக இருந்தாலும் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதையும் மனுவோடு வையுங்கள். வெறுங்கையோடு போகிற மனுவுக்கும் இந்த ஒப்பந்தத்தோடு போகிற மனுவுக்கும் கிடைக்கிற மரியாதையே வேறு.

அனுமதி வருவதற்கு முன்னால் ரோட்டில் கோன் வைத்து இடம் பிடிக்காதீர்கள். அதுவே இடையூறுதான். அதோடு, நோ பார்க்கிங் அபராதம், முதல் தடவைக்கு 500 ரூபாய், மண்டபத்துக்கு வராது. இ-சலான் மெசேஜ் மாப்பிள்ளையின் சித்தப்பா போனுக்குத்தான் போகும். உங்கள் ஆளை நம்பிச் சாவி கொடுத்தவர் அவர்.

சாவி என்றதும் இன்னொன்று. சாவி வாங்கும்போது கொடுக்கிற டோக்கனின் பின்பக்கம் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்தால் தப்பித்துவிடலாம் என்று பல பேர் நினைக்கிறார்கள். டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 1998இல் வேலட்டிடம் கொடுத்த மாருதி ஜென் திருடு போனது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கினால் வண்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு ஓட்டலுக்குத்தான், அப்படி ஒரு வாசகத்தை அச்சடித்துவிட்டுத் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் லைசென்ஸ் பார்க்காமல் ஒரு பையனைக்கூட வேலைக்கு வைக்காதீர்கள், சாவிப் பலகைக்கு நேராக ஒரு கேமரா மாட்டுங்கள், வண்டியை வாங்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஓலா, ஊபர், ராபிடோ விஷயத்தில் பெயின்ட்டை விட மேப்தான் பெரிய பிரச்சினை. உங்கள் பக்கம் ரோட்டின் நடுவில் மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. மேப்பில் இடத்தைக் காட்டுகிற புள்ளி எதிர்ப்பக்கம் விழுந்தால் டிரைவர் அங்கே நின்றுகொண்டு போன் பண்ணுவார், வெள்ளிக் குத்துவிளக்குப் பெட்டியும் தாம்பூலப் பையும் தூங்குகிற குழந்தையுமாக நிற்கிற அம்மா அந்த டிராபிக்கில் ரோட்டைக் கடக்கப் பார்ப்பார். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்கும். மேப்பில் மண்டபத்தின் வாசலைச் சரியான பக்கத்தில் பதியுங்கள். ஏறுமிடத்தைப் பக்கத்துத் தெரு முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, டைனிங் ஹாலிலிருந்து வெளியே வருகிற இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு மாட்டுங்கள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க, இந்த இடத்தைக் காட்டுகிற ஒரு கியூஆர் கோடு கொடுத்துவிடுங்கள், பெண் வீட்டார் மறுக்க மாட்டார்கள். 2021இலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. டோல்கேட் ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிஷ நடை என்பதையும் போட்டால், பாதிப் பேர் கார் எடுக்காமலே வருவார்கள். வயதானவர்களுக்கு மட்டும் ஸ்டேஷன் வாசலிலிருந்து மண்டபத்துக்கு ஒரு ஆட்டோ பேசி வையுங்கள்.

வாசலில் பூ விற்கிற அக்காவும் தள்ளுவண்டிக்காரரும் இருப்பார்கள். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. வண்டி நிறுத்த வசதியாக அவர்களை எடுக்கச் சொல்லி மனுவில் எழுதுகிற மண்டபத்துக்கு நான் ஆள் அனுப்புவதில்லை. ஸ்கெட்சில் அவர்கள் இடத்தையும் போட்டு, அதை விட்டு மிச்சம் இருப்பதைக் கேளுங்கள். இரண்டு கார் நிற்கிற இடம் கிடைத்தாலே, வாசலில் சுறுசுறுப்பான நாலு பேர் இருந்தால் ஒரு ரிசப்ஷனை ஓட்டிவிடலாம்.

அப்புறம், ரோட்டில் ஆர்ச், பந்தல், பேனர் வைப்பதற்கு அனுமதி தனி. அதை இந்த மனுவில் சேர்க்காதீர்கள், எல்லாமே தேங்கிவிடும். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு புக்கிங் வந்ததும் தேதிப் பட்டியலை டிராபிக் ஸ்டேஷனில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். உங்கள் மண்டபத்துக்குப் பின்வாசல் இருக்கிறதா, அது எந்தத் தெருவில் திறக்கிறது, அந்தத் தெரு எத்தனை அடி என்று எழுதுங்கள், வண்டியை எப்படிச் சுற்றி விடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.