கிராமப்புற வட்டாரத்தின் பொருளாதாரத்தை உள்ளாட்சி மன்றத்தால் மீட்டெடுக்க முடியுமா, இல்லை எல்லாமே மேலே இருக்கும் அரசின் கையில்தானா?

முடியும். ஆனால் மன்றங்கள் வழக்கமாக முதலில் கையிலெடுக்கும் வேலைகளால் அல்ல. தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்குவது, கடைத்தெருவுக்கு அலங்கார விளக்கு போடுவது, சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு பூங்கா கட்டுவது எல்லாம் திறப்பு விழா வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு பேட்டைக்கு யாரும் வராமல் புல் முளைக்கும்.

வெளியிலிருந்து பணத்தை வரவழைக்கும் முன், ஏற்கெனவே வருகிற பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் மன்றத்தின் முதல் வேலை என்பேன். எவ்வளவு நலிந்த வட்டாரமானாலும் சம்பளம், ஓய்வூதியம், அறுவடைப் பணம், அரசு மானியம் என்று ஏதோ ஒன்று வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்த வேகத்திலேயே மின்கட்டணமாக, எரிபொருளாக, வெளியூர் ஒப்பந்ததாரரின் பில்லாக வெளியே போய்விடுகிறது.

ஆஸ்திரியாவில் ஹங்கேரி எல்லையை ஒட்டி கியூசிங் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 4,000. ஒரு காலத்தில் நாட்டின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அப்போது வெளியூர்தான் போக வேண்டியிருந்தது. 1990-ல் அந்த ஊர் மன்றம், நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள்களைக் கைவிடுவது என்று தீர்மானம் போட்டது. முதல் வேலையாக, பொதுக் கட்டடங்களிலும் தெருவிளக்கிலும் வீணாகும் ஆற்றலைக் குறைத்தார்கள். சாதாரணமான வேலைதான், ஆனால் மன்றத்தின் ஆற்றல் செலவு கிட்டத்தட்டப் பாதியானது. அப்புறம் சுற்றியிருக்கும் காடுகளின் மரத்தை எரித்து வீடுகளுக்குக் குழாய் வழியாக வெப்பம் கொடுத்தார்கள். 2001-ல் மரத்தை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் வந்தது. எண்ணெய்க்காக வெளியே போன பணம் உள்ளூர் விறகுக்காரருக்குப் போனது. மலிவான வெப்பம் கிடைப்பதைப் பார்த்து மரத்தரைப் பலகை செய்யும் நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. கதை முழுக்க வெற்றியும் அல்ல: அந்த மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2013-ல் திவாலானது. மானிய விலையை நம்பி நடக்கிற எதற்கும் இந்த ஆபத்து உண்டு.

நம் பக்கத்திலேயே, கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. தன் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. அங்கேயும் கணக்கு மின்கட்டண பில்லில்தான் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நேர் எதிர் ஜப்பானின் யூபாரி. நிலக்கரி நகரம், 1960 வாக்கில் லட்சத்துக்கும் மேல் மக்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, நகராட்சி கடன் வாங்கிக் கேளிக்கைப் பூங்கா, பனிச்சறுக்குத் திடல், ஓட்டல் என்று இறங்கியது. 2007-ல் சுமார் 3,500 கோடி யென் கடனோடு நகராட்சியே நொடித்துப்போனது. பள்ளிகளை ஒன்றாக இணைத்தார்கள், ஊழியர் சம்பளத்தை வெட்டினார்கள், இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். “மத்திய அரசு சுற்றுலாத் திட்டம் கொடுத்தால் நம்ம ஊர் எங்கேயோ போய்விடும்” என்று யாராவது பேசினால் எனக்கு யூபாரிதான் ஞாபகம் வருகிறது.

அதே ஜப்பானில் ஓயமா என்கிற மலைக் கிராமம். நெல் விளைவிக்க அரசு ஊக்கம் கொடுத்துக்கொண்டிருந்த 1961-ல், இந்தச் சரிவு நிலத்துக்கு நெல் சரிப்படாது என்று பிளம், செஸ்நட் மரங்களுக்கு மாறியது. ‘மரம் நட்டு ஹவாய் போவோம்’ என்பது அவர்களின் கோஷம். கொஞ்சம் விளையாட்டுத்தனம்தான், ஆனால் இளைஞர்களை இழுக்க அது தேவைப்பட்டிருக்கும். கிராமத் தலைவரே விவசாயக் கூட்டுறவுக்கும் தலைவராக இருந்ததால், நடச் சொன்னவர்களே விற்கவும் வழி செய்தார்கள். என் கணக்கில் முக்கியமான விஷயம் அதுதான். நாற்று கொடுத்துவிட்டுச் சந்தையை மறந்துவிடும் திட்டங்களுக்குக் குறைவே இல்லை. 1979-ல் மாகாண ஆளுநரான ஹிரமட்சு இந்த யோசனையை ‘ஒரு கிராமம், ஒரு விளைபொருள்’ என்று மாகாணம் முழுக்கக் கொண்டுபோனார். பிறகு தாய்லாந்தும் எடுத்துக்கொண்டது.

சரி, காடும் இல்லை, காற்றும் இல்லை என்றால்? டெண்டர் இருக்கிறது. ஐந்து கட்டடங்களின் பராமரிப்பை ஒரே ஒப்பந்தமாக விட்டால் பெரிய நிறுவனத்தால் மட்டும்தான் கேட்க முடியும். சட்டம் அனுமதிக்கிற அளவுக்குப் பிரித்து விட்டால் உள்ளூர் எலக்ட்ரீஷியனும் கொத்தனாரும் கேட்கலாம். அதைவிடவும் உதவுவது, முடித்த வேலைக்குச் சொன்ன தேதியில் பணம் தருவது. சின்ன ஒப்பந்ததாரர் பெரும்பாலும் நொடிப்பது வேலை இல்லாததால் அல்ல, பில் ஆறு மாதம் கிடப்பதால். பூட்டிக் கிடக்கிற மன்றக் கட்டடத்தைக் குறைந்த வாடகைக்கு விடுவதும், உரிமம் வாங்க அலைகிறவருக்கு வழி சொல்ல ஒரே ஒரு ஊழியரைப் பொறுப்பாக்குவதும் அநேகமாகச் செலவே இல்லாதவை.

உங்கள் வட்டாரத்துக்கு எது பொருந்தும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. மன்றத்தின் போன வருடச் செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெரிய பத்து தொகைகள் எந்த ஊர் முகவரிக்குப் போயிருக்கின்றன என்று குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள்.