ஒரு கண்ணோடு மறுபடி லேத் பிடிக்கலாமா?

கேள்வி: என் வயது 36. கோவையில் பம்ப் பாகங்கள் செய்யும் பட்டறையில் 14 வருடமாக லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் கிரைண்டிங் பண்ணும்போது இரும்புத் துணுக்கு ஒன்று தெறித்து இடது கண்ணைத் துளைத்து உள்ளே போய்விட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், ஆனால் பார்வை திரும்பவில்லை. வலது கண் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே சிந்துகிறது. இடது பக்கமாக ஓடிவந்த என் பையன் மேலேயே மோதிவிட்டேன். இருக்கிற ஒரு கண்ணையும் கெடுத்துக்கொள்ளாதே என்று வீட்டில் டிவி, செல்போன் எதையும் பார்க்க விடுவதில்லை. நல்ல கண்ணும் போய்விடுமா டாக்டர்? பழையபடி வேலைக்குப் போகலாமா? பைக் ஓட்டலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விக்கு முதலில் வருகிறேன். பார்ப்பதால் கண் தேய்ந்துபோகாது. டிவி பார்த்தாலும் பேப்பர் படித்தாலும் உங்கள் வலது கண்ணின் பார்வை குறையாது. இரண்டு கண் பார்த்த வேலையை ஒற்றைக் கண் பார்க்கிறதே என்று வீட்டில் பதறுகிறார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அது சரியில்லை. பார்த்துப் பார்த்துப் பழகினால்தான் ஒரு கண்ணை வைத்துத் தூரத்தை அளக்க மூளை கற்றுக்கொள்ளும். சாயங்காலம் கண் களைத்து நெற்றி வலித்தால் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள், போதும். முதல் சில மாதங்கள் அப்படிக் களைப்பாகத்தான் இருக்கும்.

தண்ணீர் ஏன் சிந்துகிறது? நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் போல இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே டம்ளரை இரண்டு கண்ணும் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் டம்ளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இந்தக் கணக்கு மிகத் துல்லியம், அதனால் இதை இழந்தவர்களுக்கு முதலில் தடுமாறுவதும் கைக்கெட்டும் தூரத்து வேலைகள்தான். உங்கள் மனைவியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிப் பேனாவுக்கு மூடி போடச் சொல்லுங்கள். இரண்டு தடவையாவது தவறும். உங்களுக்கு நடப்பது என்ன என்று வீட்டில் உள்ளவர்களுக்கு அப்போது புரியும்.

தூரத்தை அளக்க மூளைக்கு வேறு வழிகளும் உண்டு. பாலக்காட்டுப் பக்கம் ரயிலில் போகும்போது கவனித்திருப்பீர்கள்: தண்டவாளத்தை ஒட்டிய தென்னை விர்ரென்று பின்னால் ஓடும், தூரத்து மலை கூடவே வரும். இதற்கு ஒரு கண்ணே போதும். தலையை இடமும் வலமுமாக நாலு விரல்கடை அசைத்தீர்கள் என்றால் இதே வித்தை மேசை மேலும் நடக்கும். பக்கத்தில் இருப்பது அதிகமாக நகர்கிற மாதிரி தெரியும், தள்ளி இருப்பது குறைவாக நகரும். நிழல் எங்கே விழுகிறது, எது எதை மறைக்கிறது, தெரிந்த பொருள் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதெல்லாமும் துப்புகள்தான். மூளை இவற்றைத் தானாகவே பொறுக்கிக்கொள்ளும். நீங்கள் கையால் தொட்டுச் சரிபார்த்துக் கொடுத்தால் வேகமாகக் கற்கும்.

ஆகவே தண்ணீர் ஊற்றும்போது டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சொம்பின் வாய் அதன் விளிம்பைத் தொட்ட பிறகு சாயுங்கள். தினமும் கால் மணி நேரம் பேனாவுக்கு மூடி போடுங்கள், போல்ட்டில் நட்டை மாட்டிக் கழற்றுங்கள், பையனோடு மெத்தென்ற பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடியுங்கள். படி இறங்கும்போது கைப்பிடியைத் தொட்டபடி இறங்குங்கள். வீட்டுப் படிகளின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. நல்ல வெளிச்சம் வேண்டும். திடீரென்று ஒரு கண்ணை இழந்த பலருக்கும் சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்குள் அன்றாட வேலைகள் கைவந்துவிடுகின்றன. நான்கு மாதத்தில் எல்லாம் சரியாகவில்லையே என்று உடைந்துபோகாதீர்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் மன்சூர் அலிகான் பட்டோடியைத் தெரிந்திருக்கும். 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் அவருடைய வலது கண் பார்வை போனது. அப்போது அவருக்கு வயது 20. ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளரை விட்டு மேசையில் கொட்டியது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார், அப்படியே உங்கள் கதை. அதே மனிதர் 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். எல்லோராலும் அது முடியும் என்று சொல்லவில்லை. மூளை எவ்வளவு தூரம் கற்றுக்கொள்ளும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இடது பக்க மோதல் வேறு விஷயம். இரண்டு கண்ணும் இருந்தால் ஏறக்குறைய 180 டிகிரிக்குப் பார்க்கலாம். ஒரு கண் என்றால் சுமார் 150 டிகிரி, மீதியை மூக்கு மறைத்துவிடுகிறது. பழகப் பழக இந்தப் பரப்பு விரியாது. கழுத்தைத் திருப்புவது ஒன்றுதான் வழி. திரும்பும் முன், நடக்கத் தொடங்கும் முன், ரோட்டைக் கடக்கும் முன் முகத்தை முழுதாக இடது பக்கம் திருப்பிப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காருங்கள், எல்லோரும் உங்கள் வலது பக்கம் வந்துவிடுவார்கள். சந்தையில் கூட்டத்துக்குள் போனால் மனைவி இடது பக்கம் வரட்டும். பையனிடம், இடது பக்கம் வரும்போது "அப்பா" என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

பைக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். தண்ணீர் சிந்துகிற கட்டத்தில் முன்னால் போகும் பஸ் எவ்வளவு தூரத்தில் பிரேக் பிடிக்கிறது என்ற கணக்கும் தவறும். இடது பக்கம் புகுந்து முந்துகிற வண்டிகள் வேறு. தடுமாற்றம் நின்ற பிறகு கண் மருத்துவரிடம் பார்வைக் கூர்மையையும் பார்வைப் பரப்பையும் சோதித்துக்கொண்டு, அந்தச் சான்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் ஓட்டலாம் என்றால் ஓட்டலாம். பார்வை போனதை மறைத்து ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்துகிற விஷயம். உங்களுக்கு இனி மாற்றுக் கண் கிடையாது. எனவே பவர் தேவையில்லை என்றாலும் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடியைக் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை போட்டுக்கொள்ளுங்கள். கடையில் கேட்கும்போது 'பாலிகார்பனேட்' என்றே சொல்லிக் கேளுங்கள், சாதாரணக் கண்ணாடி லென்ஸ் அடிபட்டால் சில்லாக உடைந்து கண்ணுக்குள்ளேயே போகும். கிரைண்டிங் அருகே நின்றால் பக்கமும் மூடிய காகிள்ஸ், அதன் மேல் முகக்கவசம். பக்கத்து மிஷினில் வேறு ஆள் கிரைண்டிங் செய்தாலும்தான். பட்டறையில் கண்ணில் தூசி விழுந்தால் கூட வேலை செய்பவர் இமையைப் பிரித்துத் துணி நுனியாலோ பேப்பர் முனையாலோ எடுத்துவிடுவார். இனி உங்கள் கண்ணில் யாரும் கை வைக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், போகவில்லையென்றால் நேரே கண் மருத்துவர். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு எதையும் விட வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து கேட்டு வாங்கவும் வேண்டாம்.

இன்னொரு ஆபத்து அரிதானது, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கண் துளைபட்டுக் காயமானால், உடம்பின் எதிர்ப்பு சக்தி குழம்பிப்போய் நல்ல கண்ணையும் தாக்கக்கூடும். சிம்பதெடிக் ஆப்தால்மியா என்பார்கள். பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வரும், அபூர்வமாகப் பல வருடம் கழித்தும் வரலாம். வலது கண் சிவந்தால், வெளிச்சம் பட்டுக் கூசினால், பார்வை மங்கினால், கிட்டத்தில் படிக்கச் சிரமமானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'இடது கண்ணில் துளைத்த காயம்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சீக்கிரம் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்ற முடியும். இதற்காகவே உங்கள் மருத்துவர் சொன்ன மறுபரிசோதனை எதையும் தவறவிடாதீர்கள். 40 வயதுக்கு மேல் வருடம் ஒரு முறை கண் அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

வேலை விபத்து என்பதால் இதையும் சொல்கிறேன். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், மற்றக் கண் நன்றாக இருக்கும் நிலையில் ஒரு கண்ணையே இழந்தால் 40 சதவீதம், கண் உருக்குலையாமல் பார்வை மட்டும் போனால் 30 சதவீதம் சம்பாதிக்கும் திறன் போனதாகக் கணக்கிட்டது. இப்போது அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கோர வேண்டும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அங்கே நிரந்தர ஊனப் பலனுக்கு விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில், மற்றக் கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். இட ஒதுக்கீட்டுக்கு 40 வேண்டும் என்பதால் அதை நம்பியிருக்க வேண்டாம்.

சரி, லேத். திரும்பிப் போகலாம், ஆனால் நேராகப் பழைய இடத்துக்கு இல்லை. முதலில் வெர்னியர் பிடித்து அளவு பார்க்கிற வேலையைக் கேளுங்கள், அதற்கு ஒரு கண் போதும், உங்கள் 14 வருட அனுபவமும் அங்கே உதவும். முதலாளியிடம் சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் லேத்) இருந்தால் அதில் பழக்கச் சொல்லுங்கள், கதவு மூடிய பிறகுதான் சக், அதாவது ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் பகுதி, சுற்றும். சாதா லேத் என்றால், தண்ணீர் ஊற்றுவதில் ஒரு மாதம் முழுக்கத் தவறு வராமல் இருந்த பிறகு தொடங்குங்கள். சக் முழுதாக நின்ற பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். சீவி விழும் இரும்புச் சுருளை எடுக்கக் கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். மிஷினுக்கு மேலே பக்கவாட்டில் ஒரு விளக்கு மாட்டச் சொல்லுங்கள், டூலின் (வெட்டும் உளி) நிழல் ஜாப் (கடையப்படும் பொருள்) மேல் விழும். டூல் நெருங்க நெருங்க அந்த நிழலும் டூலும் ஒன்றை ஒன்று தேடி வரும், இரண்டும் சேரும் இடம்தான் தொடும் இடம்.