ஹாஃப்-ஹியூஸ்லர் கால்கள் ஏன் விரிசல் விடுகின்றன?

கேள்வி: உலையின் கழிவு வெப்பத்தில் மின்சாரம் எடுக்க, சிர்கோனியம்-நிக்கல்-வெள்ளீயம் ஹாஃப்-ஹியூஸ்லரில் (வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்கும் ஒரு சேர்மம்) சிறு கால்கள், அதாவது குட்டித் தூண்கள், வெட்டி, தடித்த செம்புத் தகட்டில் பிரேசிங் (இடையில் வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுவது) செய்தேன். ஆறியதும் இணைப்புக்குச் சற்று மேலே குறுக்காக விரிசல். இது உறுதியான பொருள் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: உறுதியானதுதான். இதே வேலைக்குப் பயன்படும் பிஸ்மத் டெல்லூரைடு பிளேடு வைத்தாலே அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடினமாக இருப்பதும் விரிசலைத் தாங்குவதும் வேறு வேறு. இதன் உடைவு எதிர்ப்பு, சாதாரண பீங்கான் வகைகளைப் போலக் குறைவு.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் இதன் விறைப்பு. விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் சுமார் 200 ஜிகாபாஸ்கல், கிட்டத்தட்ட எஃகு அளவு. வெப்ப விரிவு டிகிரிக்கு மில்லியனில் 10 பங்கு போல; செம்புக்கு 17. 700 டிகிரியில் பிரேசிங் செய்து அறை வெப்பத்துக்கு ஆற விட்டால், இரண்டும் சுருங்குவதில் அரை சதவீதம் அளவுக்கு வித்தியாசம் வரும். செம்பு வளைந்து கொடுக்காவிட்டால் அது 900 மெகாபாஸ்கலுக்கு மேல் தகைவு (பொருளுக்குள் பரப்பளவுக்கு உண்டாகும் விசை). செம்பு ஓரளவு இளகிக் கொடுக்கும், உண்மைதான். ஆனாலும் மிச்சமிருக்கும் தகைவே இந்தப் பொருளைக் கிழிக்கப் போதும். தகடு தடிக்கத் தடிக்க நிலைமை மோசம்.

ஆகவே தடித்த செம்பை விடுங்கள். அலுமினா என்ற பீங்கான் பலகையில் மெல்லிய செம்பு ஒட்டி வருவதை வாங்குங்கள். அலுமினாவின் விரிவு 7 அளவில் இருப்பதால் முழுச் செம்பைவிட நெருங்கி வரும். இடையில் டைட்டானியம் படலம் (விரிவு 8.6) வைப்பதும் நல்லது. சூடான பக்கம் ஒரே பெரிய தகடு வேண்டாம், கால்ஜோடிக்கு ஒன்றாகத் துண்டாக்குங்கள். இரு முனையையும் இறுக்கிப் பிணைக்காமல், ஒரு பக்கம் கிராஃபைட் தாள் வைத்து ஸ்பிரிங் அழுத்தத்தில் விடலாம். மின்தடை கொஞ்சம் கூடும், அது பரவாயில்லை என்பேன்.

அப்புறம், விரிசல் கால் ஓரத்து முனையில் தொடங்கியிருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். அப்படியானால் வெட்டியபோது உண்டான சில்லுதான் வித்து. டயமண்ட் பிளேடை மெதுவாக, தண்ணீர் ஊற்றி ஓட்டி, முனைகளை நைசான எமரி தாளில் தேய்த்துவிடுங்கள்.

சூடாக்கி ஆற்றும் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அறை வெப்பத்தில் காலின் மின்தடையை அளந்து குறித்து வையுங்கள். விரிசல் கண்ணில் படும் முன்பே அந்த எண் ஏறத் தொடங்கும்.