ஃபீனிக்ஸ் பெயர் கொண்ட அரங்கு

கேள்வி: வெனிஸ் நகரின் ஆபரா (இசை நாடக) அரங்கான லா ஃபெனிசேவுக்கு அப்பெயர் வந்தது, அது தீயில் எரிந்து மீண்டதாலா?

பதில்: பாதி சரி. 'ஃபெனிசே' என்றால், எரிந்த சாம்பலிலிருந்து மீண்டெழுவதாகச் சொல்லப்படும் ஃபீனிக்ஸ் பறவை. ஆனால் பெயர் சூட்டப்பட்டபோது இந்த அரங்கு எரிந்திருக்கவில்லை. சான் பெனெடெட்டோ என்ற தங்கள் அரங்கு 1774-இல் எரிந்து, மீண்டும் கட்டிய பிறகு அதை வழக்கில் இழந்த சங்கத்தார், 1792-இல் திறந்த புதிய அரங்குக்கே அப்பெயரை இட்டனர். பெயர் பின்னர்தான் பலித்தது. 1836-இல் எரிந்த அரங்கு ஓராண்டிலேயே எழுந்தது. 1996-இல், பழுதுபார்ப்பில் ஏற்பட்ட தாமதத்துக்கான அபராதத்தைத் தவிர்க்க மின்பணியாளர் இருவர் வைத்த தீயை, அருகிலிருந்த கால்வாய் தூர்வாருவதற்காக வற்றவைக்கப்பட்டிருந்ததால், விரைந்து அணைக்க முடியவில்லை. நீரில் மிதக்கும் நகரில் தீயணைக்க நீரில்லை! அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது 2003-இல்தான்.

இதைவிட முக்கியமானது இந்நகரின் பழைய வரலாறு. அதுவரை அரசவைகளின் கேளிக்கையாக இருந்த ஆபராவை, 1637-இல் சான் கசியானோ அரங்கில், கட்டணம் செலுத்தும் எவரும் காணும்படி பாடல்வரிகளை எழுதிய ஃபெராரி, இசையமைப்பாளர் மனெல்லி ஆகியோரின் சிறிய குழு நடத்தியது. இசையமைத்த மனெல்லியே மேடையேறிப் பாடவும் செய்தார்.