அயர்லாந்து மக்கள் வேணாம்னு ஓட்டு போட்ட பிறகும் லிஸ்பன் ஒப்பந்தத்துக்கு ரெண்டாவது தடவை ஓட்டெடுப்பு நடத்தினது ஜனநாயகமா? அந்த ஒப்பந்தத்தால ஐரோப்பிய யூனியன் எப்படி மாறுச்சு?

"சரின்னு சொல்ற வரைக்கும் திரும்ப திரும்ப கேட்டாங்க"ங்கற வரிய நான் பல வருஷமா கேட்டுட்டு இருக்கேன். பெரும்பாலும் அந்த ஊர்ப் பக்கம் எட்டிக்கூட பாக்காதவங்கதான் சொல்றாங்க. கேட்ட தம்பி (தங்கச்சியாவும் இருக்கலாம்) சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு படிக்கிறவர்னு கேள்விய பாத்தாலே தெரியுது. புக்ல "2008 நிராகரிப்பு, 2009 ஏற்பு"ன்னு ஒரே வரில முடிச்சிருப்பாங்க, நடுவுல இருந்த பதினாறு மாசம் அதுல இருக்காது. அந்த சமயம் நான் டப்ளின்ல ஒரு அரசு ஆஸ்பத்திரில நர்ஸா வேலை பாத்துட்டு இருந்தேன், அதனால இத எழுத எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் சட்டம் படிச்சவ இல்ல. ஐரோப்பிய யூனியனுக்கு வக்காலத்து வாங்கறவளும் இல்ல, கடைசி வரைக்கும் படிச்சா அது உங்களுக்கே தெரியும். பாதி படிச்சுட்டு கமெண்ட்ல வந்து சண்டை போடாதீங்க.

பின்னணிய சுருக்கமா சொல்றேன். 2004-ல ரோம்ல ஐரோப்பாவுக்குன்னு ஒரு அரசியலமைப்பு சாசனத்துல கையெழுத்து போட்டாங்க. 2005 மே மாசம் பிரான்ஸ் மக்கள் அத தோக்கடிச்சாங்க, மூணே நாள்ல நெதர்லாந்து மக்களும் தோக்கடிச்சாங்க. அதுக்கப்புறம் சாசனம்ங்கற பேரு, கொடி, கீதம் இதெல்லாம் எடுத்துட்டு, உள்ள இருந்த விஷயத்துல பெரும்பகுதிய பழைய ஒப்பந்தங்களுக்கு திருத்தமா மாத்தி 2007 டிசம்பர் 13 அன்னைக்கு லிஸ்பன்ல கையெழுத்து போட்டாங்க. 27 நாட்டுல 26 நாடு பார்லிமெண்ட்லயே வெச்சு முடிச்சுக்கிச்சு, அயர்லாந்து மட்டும் மக்கள் கிட்ட போச்சு. அது அவங்க பெருந்தன்மை இல்லங்க. ரேமண்ட் க்ராட்டின்னு ஒரு பொருளாதார அறிஞர் கோர்ட்டுக்கு போனார், 1987-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் யூனியனோட தன்மைய பெருசா மாத்தற ஒப்பந்தம்னா அரசியலமைப்ப திருத்தணும், அதுக்கு மக்கள் ஓட்டு வேணும்னு சொல்லிடுச்சு. தனி ஆள் ஒருத்தர் போட்ட கேஸ், அதனாலதான் அத்தனை கோடி பேர் இருக்கற யூனியன் ஒரு சின்ன தீவோட பதிலுக்கு காத்திருக்க வேண்டி வந்துச்சு. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

2008 மே, ஜூன்ல டப்ளின்ல லைட் கம்பம் பூரா போஸ்டர். "தெரியலன்னா வேணாம்னு போடு"ன்னு ஒரு கோஷம் வந்துச்சு, நல்லா எடுபட்டுச்சு. வீட்டு லெட்டர் பாக்ஸ்ல வந்து விழுந்த நோட்டீஸ்ல ஐரோப்பிய ராணுவத்துக்கு பசங்கள கட்டாயமா எடுத்துடுவாங்க, கருக்கலைப்ப கொண்டு வந்துடுவாங்க, கம்பெனி வரி 12.5 சதவீதத்துல இருந்து ஏறிடும், வேலையெல்லாம் போயிடும்னு என்னென்னமோ இருக்கும். ஆதரிச்சவங்க பக்கமும் ஒழுங்கா விளக்கல. ஐரோப்பிய கமிஷன்ல (யூனியனோட நிர்வாகத்த நடத்தற அமைப்பு, நாட்டுக்கு ஒரு கமிஷனர் இருப்பாங்க) அயர்லாந்து சார்பா இருந்த சார்லி மெக்ரீவியே முழுசா படிக்கலன்னு வெளிப்படையா சொன்னார். அவரே படிக்காதத நைட் டியூட்டி முடிச்சு வர்ற நர்ஸ் படிச்சு ஓட்டு போடணும்னா எப்படி?

எனக்கு அப்ப ஓட்டு கிடையாது, இந்திய பாஸ்போர்ட்தான். ஆனா கேன்டீன்ல எல்லாரும் பேசுவாங்க, நான் உக்காந்து கேப்பேன். எங்க வார்டு மேனேஜர் கெர்ரி மாவட்டத்துக்காரங்க, தம்பி மாட்டுப்பண்ணை வெச்சிருந்தார். உலக வர்த்தகப் பேச்சுவார்த்தைல யூனியனோட வர்த்தக கமிஷனர் பீட்டர் மேண்டல்சன் வெளிநாட்டு மாட்டுக்கறிக்கு கதவ திறந்து விட்டுடுவார்னு அந்தக் குடும்பமே பயந்து போயிருந்துச்சு. ஆனா அவங்க சொன்ன முதல் காரணம் அது இல்ல. புது ஒப்பந்தப்படி 2014-ல இருந்து கமிஷனர் எண்ணிக்கைய மூணுல ரெண்டு பங்கா குறைக்கறதா இருந்துச்சு, எல்லா நாடும் முறை வெச்சு மாறி மாறி உக்காரணும். "அஞ்சு வருஷம் எங்க ஆள் யாரும் மேஜைல இருக்க மாட்டாங்க, அந்த அஞ்சு வருஷத்துலதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுவாங்க"ன்னு அவங்க சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கு. இது அறியாமைல போட்ட ஓட்டுன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும், அவங்க நோட்டீஸ் படிச்சு பயந்தவங்க இல்ல, கணக்கு போட்டவங்க.

ஜூன் 12 ஓட்டெடுப்புல 53.4 சதவீதம் வேணாம்னு வந்துச்சு, வித்தியாசம் ஏறக்குறைய 1 லட்சத்து 10 ஆயிரம் ஓட்டு. ஏறத்தாழ 50 கோடி பேர 8 லட்சத்து சொச்சம் பேர் நிறுத்திட்டாங்கன்னு ஐரோப்பா முழுக்க புலம்பல்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அதே கேள்விய அப்படியே திரும்ப கேட்டாங்களா? இல்ல. டிசம்பர்ல நாடுகளோட தலைவர்கள் கூடி, கமிஷனர் எண்ணிக்கைய குறைக்க மாட்டோம், நாட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. 2009 ஜூன்ல வரி, ராணுவ நடுநிலை, உயிர் வாழும் உரிமை (அதாவது கருக்கலைப்பு விஷயம்), குடும்பம், கல்வி பத்தி எழுத்துல உத்தரவாதம் குடுத்தாங்க, பின்னால அது எல்லா நாடும் ஏத்துக்கிட்ட தனி நெறிமுறையாவும் ஆச்சு. உடனே ஒருத்தர் வந்து "ஒப்பந்தத்துல ஒரு எழுத்து கூட மாறலயே"ம்பார். மாறலதான், ஒத்துக்கறேன். ஆனா அதோட நடைமுறை மாறிடுச்சு. இன்னைக்கு மால்டா, சைப்ரஸ், எஸ்டோனியா எல்லாத்துக்கும் சொந்தமா ஒரு கமிஷனர் இருக்காங்கன்னா அதுக்குக் காரணம் எங்க வார்டு மேனேஜர் மாதிரி ஆளுங்க 2008-ல வேணாம்னு குத்தினதுதான். அந்த நாட்டுக்காரங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு எனக்கு சந்தேகம்தான்.

நடுவுல இன்னொன்னும் நடந்துச்சு, அத மறைக்கக் கூடாது. 2008 செப்டம்பர் கடைசில அயர்லாந்து பேங்குங்க கவிழற நிலைமைக்கு வந்து, அரசாங்கம் ராத்திரியோட ராத்திரியா கிட்டத்தட்ட அத்தனை கடனுக்கும் கேரண்டி குடுத்துச்சு. அடுத்த மார்ச்ல எங்கள மாதிரி அரசு ஊழியர் சம்பளத்துல பென்ஷன் லெவின்னு ஒரு கூடுதல் பிடித்தம் பிடிக்க ஆரம்பிச்சாங்க. 2009 அக்டோபர் 2-ல 67 சதவீதம் சரின்னு வந்ததுக்கு உத்தரவாதம் பாதி, ஐரோப்பா கைவிட்டுட்டா நாம என்ன ஆவோம்ங்கற பயம் பாதி. எங்க மேனேஜரும் அந்த தடவை சரின்னுதான் போட்டாங்க, ரெண்டு காரணத்தையும் அவங்களே சொன்னாங்க. பயத்துல போட்ட ஓட்டு செல்லாதுன்னா 2008-ல பசங்கள ராணுவத்துக்கு இழுத்துட்டு போயிடுவாங்கன்னு பயந்து போட்ட ஓட்டும் செல்லாதுதானே? கடைசியா செக் அதிபர் வாட்ஸ்லாவ் க்ளவுஸ் நவம்பர்ல கையெழுத்து போட்டார், டிசம்பர் 1 முதல் ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு.

யூனியன் எப்படி மாறுச்சுன்னு கேட்டீங்களே, எல்லாத்தையும் அடுக்கறது என் வேலை இல்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன். பெரிய மாற்றம் ஓட்டு கணக்குல. முன்னாடி நைஸ் ஒப்பந்தப்படி மந்திரிகள் சபைல ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலிக்கு தலா 29 ஓட்டு, அயர்லாந்துக்கு 7, மால்டாவுக்கு 3, மொத்தம் 345. லிஸ்பன் அத தூக்கிட்டு, 55 சதவீதம் நாடுங்க சம்மதிக்கணும், அந்த நாடுங்கள்ல யூனியனோட 65 சதவீதம் ஜனத்தொகை இருக்கணும்னு ரெண்டு நிபந்தனைய வெச்சுது (இது 2014 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு). தடுக்கணும்னா குறைஞ்சது நாலு நாடு சேரணும், அதனால ரெண்டு மூணு பெரிய நாடு மட்டும் சேந்து எதையும் மறிச்சுட முடியாது. அதே சமயம் ஜனத்தொகைய வெச்சு பாத்தா ஜெர்மனியோட எடை முன்னாடி இருந்தத விட ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு, அயர்லாந்தோடது 2 சதவீதத்துல இருந்து 1 சதவீதத்துக்கும் கீழ போச்சு. சின்ன நாடுங்க இழந்தது நிஜம், அத இல்லன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்க.

அடுத்தது ஐரோப்பிய பார்லிமெண்ட். விவசாயம், போலீஸ் ஒத்துழைப்புன்னு முன்னாடி சம பங்கு இல்லாத பல விஷயத்துல மந்திரிகள் சபைக்கு இணையா சட்டம் போடற அதிகாரம் வந்துச்சு. அடிப்படை உரிமை சாசனம் கோர்ட்ல செல்லுபடி ஆச்சு. தலைவர்கள் சபைக்கு முழுநேரத் தலைவர் வந்தார், முதல் ஆள் பெல்ஜியத்தோட ஹெர்மன் வான் ரோம்பாய். வரி, வெளியுறவு, ராணுவம் மாதிரி சில விஷயத்துல வீட்டோ பெரும்பாலும் அப்படியே இருக்கு. அப்புறம் 50-வது பிரிவு. விலகிப் போறதுக்குன்னு ஒரு வழி முதல் தடவையா எழுத்துல வந்துச்சு, 2008-ல எங்க கேன்டீன்ல ஒருத்தர் கூட அத பத்தி பேசல. 2017 மார்ச்ல பிரிட்டன் அத எடுத்து நீட்டினப்பதான் உலகமே அத தேடிப் படிச்சுது.

இங்க ஒன்னு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னு நினைக்கறவங்க இந்த பாராவ விட்டுடுங்க. இந்த ஒப்பந்தம் எல்லாத்துலயும் சமத்துவம், பாகுபாடு இல்லாமைன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கு. என் கூட அதே வார்டுல சேந்த ஸ்பெயின் நாட்டுப் பொண்ணுக்கு இங்கிலீஷ் என்னை விட கம்மி, அனுபவமும் கம்மி, ஆனா யூனியன் நாட்டுல படிச்சதால அவ சர்டிபிகேட் நேரா செல்லும். நான் நாகர்கோவில்ல நாலு வருஷம் படிச்சு, சென்னைல ஐசியூல வேலை பாத்துட்டு வந்தும், முதல்ல அடாப்டேஷன்னு குறைஞ்ச சம்பளத்துல உக்காத்தி வெச்சு, ஊசி போட தெரியுதான்னு பாத்தாங்க. அதுக்கு முன்னால என் பேப்பர அனுப்பி வெச்ச ஏஜென்ட் ஒரிஜினல் சர்டிபிகேட்ட மாசக்கணக்கா புடிச்சு வெச்சுக்கிட்டு இன்னும் பணம் குடுன்னு கேட்டான். எங்கம்மா வளையல வித்துதான் அத மீட்டோம். இத எங்க போய் சொன்னாலும் "அதான் இப்ப யூரோல சம்பாதிக்கிறியே"ன்னு ஒரே பதில்தான். சம்பாதிச்சா அநியாயம் நியாயம் ஆயிடுமா?

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் 2011-ல அயர்லாந்து பிரஜை ஆனேன், இந்திய பாஸ்போர்ட்ட திருப்பிக் குடுத்தேன், அது தனி வலி. முதல் ஓட்டு 2012 மே 31, அதுவும் ஒரு ஐரோப்பிய ஒப்பந்தத்துக்குத்தான், பட்ஜெட் கட்டுப்பாட்டு ஒப்பந்தம். பக்கத்து பிரைமரி ஸ்கூல்ல போய் வரிசைல நின்னப்ப எனக்கு அவ்ளோ பெருமை. ஆனா தம்பி, மக்கள மதிக்கல, ஏமாத்திட்டாங்கன்னு நீங்க தேடறது 2009-ல இல்ல, இங்கதான் இருக்கு. முந்தின டிசம்பர்ல அப்போதைய பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன் வீட்டோ போட்டதும், மத்தவங்க அத யூனியன் ஒப்பந்தமாவே செய்யாம வெளியில தனி ஒப்பந்தமா 25 நாட்ட வெச்சு கையெழுத்து போட்டுட்டாங்க. யூரோ நாடுங்கள்ல 12 ஏத்துக்கிட்டா போதும், அமலுக்கு வந்துடும். அதாவது அயர்லாந்து வேணாம்னு சொன்னாலும் நிக்காது. அதுக்கும் மேல, ஏத்துக்காத நாட்டுக்கு புது நிதியுதவி அமைப்புல இருந்து பணம் கிடையாதுன்னு ஒரு நிபந்தனை, நாங்களோ அப்ப ஐஎம்எஃப், ஐரோப்பா கடன்லதான் மூச்சு விட்டுட்டு இருந்தோம். நான் சரின்னு போட்டேன், 60 சதவீதம் பேர் சரின்னுதான் போட்டாங்க. வேற வழி இல்லாம போட்டது. எங்க மேனேஜர் வேணாம்னு போட்டாங்க, "இந்த தடவை என் ஓட்டுக்கு பல்லு இல்ல, அதனால மனசுல இருக்கறத போட்டேன்"னாங்க.

அந்த நிதியுதவி அமைப்பு இருக்கே, அதுக்கு இடம் குடுக்க யூனியன் ஒப்பந்தத்தோட 136-வது பிரிவுல ஒரு சின்ன திருத்தம் பண்ணாங்க, சுருக்கு வழில, மக்கள் கிட்ட போகாமலே. அயர்லாந்துல டோனிகால் பக்கத்து எம்பி தாமஸ் பிரிங்கில் கேஸ் போட்டார், ஐரோப்பிய நீதிமன்றம் 2012 நவம்பர்ல அது செல்லும்னு சொல்லிடுச்சு. 1987-ல ஒரு தனி ஆளால முடிஞ்சது 2012-ல முடியல.

லிஸ்பனுக்கு அப்புறம் பெரிய ஒப்பந்த சீர்திருத்தம் எதுவும் வரல. 2023 நவம்பர்ல ஐரோப்பிய பார்லிமெண்ட் வீட்டோவ இன்னும் நிறைய துறைல எடுக்கணும்னு திருத்தங்கள முன்வெச்சுது, நாட்டுத் தலைவர்கள் அத கையில எடுக்கல. உக்ரைன், மால்டோவா எல்லாம் உள்ள வர காத்திருக்கு, முப்பதுக்கும் மேல நாடு ஆனா இந்த விதிகள வெச்சு ஓட்ட முடியாதுன்னு அவங்களே பேசிக்கறாங்க. ஆனாலும் தயங்கறாங்க, ஏன்னா பெரிய திருத்தம்னா 48-வது பிரிவுப்படி ஒவ்வொரு நாடும் ஏத்துக்கணும், அயர்லாந்து மறுபடி மக்கள் கிட்ட போகணும், அந்த தடவை எனக்கும் பல்லு இருக்கற ஓட்டு இருக்கும். பரீட்சைக்கு எழுதறதா இருந்தா 48-வது பிரிவயும் 2012 கதையையும் சேத்து எழுதுங்க, வெறும் 2008, 2009-ஓட நிறுத்தாதீங்க.