கூதிரில் ஒரு நடை – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கட்டப்பனையிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் கம்பம்; வேலைக்காக மலையேறி ஒன்பது வருஷமாகிறது. என் மச்சான் ஜப்பானில் நாகானோ பக்கம் குடும்பத்தோடு இருக்கிறார். அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், செக்கச் சிவந்த மேப்பிள் காட்டில் பிள்ளைகளோடு நடக்கிற படங்களாக அனுப்பித் தள்ளுவார். நாங்களோ மலையிலேயே குடியிருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்கிறோம். இந்த இலையுதிர்காலத்தில் மனைவி, மகன் (12), மகள் (7) எல்லோரையும் கூட்டிக்கொண்டு மீசைப்புலிமலை போகலாம் என்றிருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் அரை கிலோமீட்டரிலேயே "இன்னும் எவ்வளவு தூரம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களை எப்படி ரசிக்க வைப்பது? எந்த ஷூ நல்லது? அட்டை கடிக்கும் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார்.

எம்., கட்டப்பனை

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று போடியில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் நின்று, மலையடிவாரத்துக் குரங்கணிக் கிராமத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை இருந்த இடமே தெரியவில்லை. இந்த மழையில் அங்கிருந்து மலையேறுகிற பாதை எப்படிக் கிடக்குமோ என்று நினைத்துக்கொண்டே கீழே வந்து ஃபோனை எடுத்தால் நீங்கள். அதனால்தான் இந்தப் பதில். எங்கே டூர் போகலாம் என்று கேட்கிற கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

அட்டை கடிக்கத்தான் செய்யும். ஒரு துணியில் உப்பை முடிந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத சரக்கு இருப்பதால் கடிவாயில் கொஞ்ச நேரம் கசியும், பிறகு நின்றுவிடும். மாமியாரிடம் இதைச் சொல்லிவிட்டு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்த 'இலையுதிர்காலம்'. கட்டப்பனையில் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறீர்கள். அக்டோபரில் எந்த மரம் இலை உதிர்த்துப் பார்த்தீர்கள்? உங்கள் மச்சான் ஊரில் அது உண்மை. அங்கே குளிர் இறங்க இறங்க இலையின் பச்சையம் கரைகிறது, மேப்பிள் சிவக்கிறது. உச்சியில் தொடங்குகிற சிவப்பு வாரம் வாரமாக அடிவாரத்துக்கு இறங்கிவரும். நம் மலையில் ஐப்பசி வேறு. இங்கே மழைதான் அடிவாரத்திலிருந்து ஏறிவரும். கம்பம் பள்ளத்தாக்கில் மேகம் திரண்டு, மலைச் சுவரில் முட்டி, உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். பக்கத்து வீட்டு மலையாளிகள் துலாவர்ஷம் என்கிறார்களே, அதுதான். நம்மவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும். அதையும் எந்த நிலத்துக்கு உரியதாக்கினார்கள் தெரியுமா? குறிஞ்சிக்கு. தொல்காப்பியம் மலைக்கு வகுத்த பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம். மலை மலையாக இருப்பது ஈரத்திலும் இருட்டிலும்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டு, படத்தில் பார்த்த பருவத்தை இங்கே தேடிக்கொண்டிருக்கிறோம்.

நமக்கும் இலை உதிர்கிற காலம் உண்டு. மாசி, பங்குனி. கீழ்ச்சரிவுக் காடெல்லாம் மொட்டையாக நிற்கும், காலடியில் சருகு நொறுங்கும், ஆள் உயரப் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ வளைத்தது அந்தப் பருவத்தில்தான். அன்று சாயங்காலம் மலைச்சரிவில் தெரிந்த வெளிச்சத்தை இதே மாடியிலிருந்து பார்த்தேன். அதற்குமேல் எழுத வேண்டாம்.

சிவப்பு இலைதான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. சோலைக்காடு தளிர் விடும்போது பாருங்கள், செம்பு நிறத்தில், ரத்தச் சிவப்பில். மேப்பிளைச் சிவக்க வைக்கிற அதே நிறமிதான் இந்தத் தளிரிலும். அங்கே கிழட்டு இலை சிவக்கிறது, இங்கே பச்சைப்பிள்ளை சிவக்கிறது. மச்சானுக்கு ஒரு படம் அனுப்பிவையுங்கள்.

மீசைப்புலிமலைக்கு வருவோம். 2640 மீட்டர். கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் பணம் கட்டி, வழிகாட்டியோடு போகவேண்டிய இடம். அரை கிலோமீட்டரில் கால் வலிக்கிற ஏழு வயசுப் பிள்ளையை, துலாவர்ஷ இடி இறங்குகிற மாதத்தில், மரமில்லாத புல்மேட்டில் ஏற்றப்போகிறீர்களா? யாருக்காக? மச்சானுக்குப் பதில் படம் அனுப்பவா? கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே முட்டாள்தனத்தை நானும் செய்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் என் அய்யாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பிறந்தது மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தீபாவளிக்கு போடிப் பக்கம் அப்பத்தா வீட்டுக்கு வருவோம். ஐந்து பேருக்கு பஸ் காசு மிச்சம் என்று டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு நடந்தே இறக்குவார் அய்யா. (டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே என்று உங்கள் மகன் கேட்பான். குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலைப் பெட்டி சுமந்த குட்டி ரயில் அங்கேதான் வந்து நின்றது. அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோய்விட்டது. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிச்சம்.)

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஏழு வயது, தங்கச்சிக்கு ஐந்து. அய்யா அவளை முன்னால் விடுவார். அவளுக்குப் பின்னால் நான், அண்ணன், தலையில் மூட்டையோடு அம்மா, கடைசியில் அய்யா. "அவ நடைதான் நம்ம நடை" என்பார். அவள் ஒரு நத்தையைக் கண்டு குந்திவிட்டால் ஊர்வலமே நிற்கும். அய்யா ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். வா, போ என்று ஒரு சொல் வராது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அப்பத்தா வீட்டில் முறுக்கு இருக்கிறது, இவள் நத்தையோடு பேசிக்கொண்டிருக்கிறாளே என்று.

ஒரே ஒரு தடவை அவசரப்பட்டார். இருட்டோடு கிளம்பி மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவது அவர் வழக்கம். அந்த வருஷம் லயத்திலேயே தாமதமாகிவிட்டது. புல்மேட்டின் நடுவில் இடி பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒற்றை மரம் ஒன்று நின்றது. அண்ணன் அதை நோக்கி ஓடினான். அய்யா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, எங்களையெல்லாம் ஒரு பள்ளத்தில் குந்தவைத்தார். குடையையும் அரிவாளையும் தூர வீசினார். மழை முடியும்வரை யாரும் பேசவில்லை. எழுந்ததும் தங்கச்சியைத் திரும்பவும் முன்னால் விட்டார். எல்லோருக்கும் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் அவள் நடைதான்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் அதே பாதையில், கீழிருந்து மேலே கூட்டிப்போனேன். கூட மூன்று நண்பர்கள். பதினோரு மணிக்குள் உச்சி என்று பந்தயம் மாதிரி. அவள் கடைசியில் வந்தாள். திரும்பித் திரும்பி "சீக்கிரம் வா" என்று சொன்னதைத் தவிர நான் அவளிடம் வேறென்ன பேசினேன் என்று நினைவில்லை. உச்சியில் எடுத்த படத்தில் நாங்கள் நால்வரும் சிரிக்கிறோம், அவள் ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது சென்னையில் வேலை. போடிக்கு வந்தால் வீட்டோடு இருந்துவிட்டுப் போய்விடுவாள். மலையைக் காட்டினால், "அது உங்க ஊருப்பா" என்பாள்.

ஆக எம்., பிள்ளைகளை எப்படி ரசிக்க வைப்பது என்ற கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் யார் ரசிக்க வைக்க? மகளை முன்னால் விடுங்கள். மகன் முணுமுணுப்பான், நானும் முணுமுணுத்தவன்தான். அவனிடம் தண்ணீர் பாட்டிலையும் உப்பு முடிச்சையும் கொடுத்துவிடுங்கள்.

இடம் வேண்டுமென்றால் ராமக்கல்மேடு போங்கள், உங்களுக்குப் பக்கம். குறவனும் குறத்தியும் பிள்ளையோடு இருக்கிற சிலைக்கு அருகே நின்றால் உங்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே தெரியும். காலையில் போய், ஒரு மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கூதிர் ஏறிவருவதைப் பார்க்கலாம்.

ஷூ கேள்வி விட்டுப்போயிற்று. பள்ளிக்கூட ஷூவே போதும். சின்னவளுக்கு மட்டும் ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கிய குழி எதையும் அவள் சும்மா தாண்டமாட்டாள்.